இருவருக்கு அளவெடுத்த சாப்பாடு: பினாங்கு ஜார்ஜ்டவுன் அங்காடிக் கடைகள் பற்றி ஒரு மதிப்புரை

ஜார்ஜ்டவுனின் அங்காடிக் கடைகளில் சாப்பிடச் சரியான எண்ணிக்கை இரண்டு. தனியாகப் போனால் இரண்டாவது தட்டிலேயே வயிறு நிறைந்துவிடும். நான்கைந்து பேராகப் போனால் நெரிசல் நேரத்தில் மேசை கிடைக்காது. கிடைத்தாலும் ஒருவர் தட்டு வரும்போது இன்னொருவர் முடித்திருப்பார். கணவன் மனைவியாக இருவர் போனால் ஒருவர் மேசையைப் பிடித்துக்கொண்டு பானம் சொல்லலாம், மற்றவர் கடை கடையாகப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம். ஒவ்வொரு கடையும் ஒரே ஒரு பண்டத்தைத்தான் செய்கிறது, தட்டும் சிறியது. ஒரு தட்டுக்கு இரண்டு கரண்டி என்று பகிர்ந்தால் ஒரே உட்காரலில் நான்கைந்து வகைகளைப் பார்த்துவிடலாம். விலை பெரும்பாலும் தட்டுக்கு 8 முதல் 12 ரிங்கிட்டுக்குள் அடங்கும். கடல் உணவு சேர்ந்தால் கூடும்.

நடைமுறை தெரியாமல் போனால்தான் தடுமாற்றம். கோப்பித்தியாம் எனப்படும் காப்பிக்கடை ஒரே ஆளின் கடை அல்ல. இடத்துக்காரர் பானங்களை மட்டும் விற்பார். உள்ளே அடுப்பு போட்டிருக்கும் சமையல்காரர்கள் அவரிடம் இடம் எடுத்துத் தொழில் செய்பவர்கள். ஆகவே பானத்துக்குத் தனிக் கணக்கு, ஒவ்வொரு தட்டுக்கும் தனிக் கணக்கு. உட்கார்ந்தால் ஆளுக்கொரு பானம் வாங்க வேண்டும் என்பது வழக்கம். சில கடைகளில் அதைச் சுவரிலேயே எழுதி வைத்திருப்பார்கள், வாங்காவிட்டால் சிறு தொகை சேர்ப்பார்கள். ஒரே பானத்தைப் பகிர்ந்து மிச்சம் பிடிக்க நினைப்பது இங்கே எடுபடாது. தட்டைப் பகிர்வதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

முதலில் மேசையைப் பிடித்து, அதன் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண் இல்லையென்றால் சமையல்காரரிடம் கையைக் காட்டினால் போதும், அவர் நினைவில் வைத்துக்கொள்வார். தட்டு மேசைக்கு வரும்போதே பணம் கொடுக்க வேண்டும். எனவே பணப்பை உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கட்டும், நடப்பவரிடம் அல்ல. 1, 5, 10 ரிங்கிட் தாள்கள் நிறைய வைத்திருங்கள். உள்ளூர்க்காரர்கள் பலரும் கியூஆர் குறியீட்டில் பணம் செலுத்துகிறார்கள். வெளிநாட்டு அட்டையைத் தேய்க்கும் கருவி தெருவோரக் கடையில் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. துடைக்கும் காகிதமும் கையோடு இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே சுற்றில் சொல்லிவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. ஊற்றிக் கொடுக்கும் பண்டங்களான லக்சாவும் ஹொக்கியன் மீயும் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். வாணலிப் பண்டங்களுக்குக் கால்மணி நேரம் ஆகும், கூட்டத்தில் அரைமணியும் தாண்டும். வாணலிப் பண்டத்தை முதலில் சொல்லுங்கள். அது வந்து பாதி முடிந்ததும் குழம்பு வகைக்கு எழுந்து போனால் இரண்டும் சூடாகக் கிடைக்கும்.

வாணலிப் பண்டங்களில் முதலில் வைக்க வேண்டியது சார் கோய் தியாவ். தட்டையான அரிசி நூடுல்ஸ், இறால், பாசிப்பயறு முளை, சீனப் பூண்டுத்தாள், முட்டை, சீனத் தொத்திறைச்சி, கெராங் எனும் இரத்தச் சிப்பி. கொழுப்பு பெரும்பாலும் பன்றிக் கொழுப்புதான். இதன் உயிர் வாணலியின் சூட்டில் இருக்கிறது. நல்ல கடைக்காரர் ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு தட்டு என்றுதான் வறுப்பார். நான்கு தட்டுக்கானதை ஒன்றாகக் கொட்டினால் சூடு இறங்கிவிடும். நூடுல்ஸ் வறுபடுவதற்குப் பதில் தன் ஈரத்திலேயே அவிந்து, ஒட்டிக் கட்டியாகிவிடும். இரவு கூட்டத்தில் பெயர்பெற்ற கடையிலும் சுவை சரிவது பெரும்பாலும் இதனால்தான். வரிசை நீளமாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, வாணலியில் ஒரே நேரத்தில் எவ்வளவு கிடக்கிறது என்று இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். ஓரங்களில் லேசாகக் கருகல், புகை மணம், தட்டின் அடியில் சாறு தேங்காமல் இருப்பது ஆகியவை நல்ல அடையாளம். வாத்து முட்டை போட்டுத் தரும் கடைகள் உண்டு. சற்றுக் கூடுதல் விலைக்கு நூடுல்ஸில் நன்றாக ஒட்டும், கொழுப்பும் கூடும். கெராங்கை அரைவேக்காட்டில்தான் போடுவார்கள். வயிறு நம்பிக்கையில்லாதவர்கள் "தா மாவ் கெராங்" என்று சொல்லிவிடலாம். காரம் குறைக்க "குராங் பெடாஸ்". இருவரில் ஒருவருக்குக் காரம் ஆகாது என்றால் இதைத் தட்டு வருமுன் சொல்ல வேண்டும். மிளகாய் விழுது எண்ணெயோடு சேர்ந்து முதலிலேயே வாணலியில் போய்விடும், பிறகு ஒதுக்க முடியாது.

பினாங்கின் அசாம் லக்சாவில் தேங்காய்ப்பால் கிடையாது. கெம்போங் மீனை வேகவைத்து உதிர்த்து, புளியும் அசாம் கெப்பிங் எனும் காய்ந்த புளிப்புத் துண்டுகளும், எலுமிச்சைப்புல், பேரரத்தை, சிறிய வெங்காயம், மிளகாய், பெலாச்சான் எனும் இறால் விழுது, இஞ்சிப்பூ மொட்டு, கெசும் இலை எல்லாம் போட்டுக் காய்ச்சிய புளிப்புக் குழம்பு அது. தடித்த வெள்ளை நூடுல்ஸ் மேல் அதை ஊற்றி, வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா தூவுவார்கள். ஓரத்தில் ஒரு கரண்டி கரிய, இனிப்பான, கெட்டியான இறால் விழுது வைப்பார்கள். அதன் பெயர் ஹே கோ. வந்தவுடன் கலக்காதீர்கள். முதலில் குழம்பை மட்டும் இரண்டு வாய் குடித்துப் பாருங்கள். பிறகு விழுதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் ஒரே கிண்ணத்தில் இரண்டு சுவை கிடைக்கும். மொத்தமாகக் கரைத்துவிட்டால் இனிப்பு ஏறி மீனின் மணம் அமுங்கிவிடும். சில கடைகளில் சியாம் லக்சாவும் இருக்கும். அது தேங்காய்ப்பால் சேர்த்தது. இருவரும் ஆளுக்கொன்று வாங்கி நடுவில் மாற்றிக்கொள்ளலாம்.

கோலாலம்பூரில் சாப்பிட்டுப் பழகியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஹொக்கியன் மீ என்றால் கரிய சோயாச் சாற்றில் வறுத்த தடித்த நூடுல்ஸ். பினாங்கில் அதே பெயர் இறால் தலையும் பன்றி எலும்பும் காய்ச்சிய சிவந்த சூப்புக்கு. மஞ்சள் நூடுல்ஸும் மீஹூன் எனும் மெல்லிய அரிசிச் சேமியாவும் பாதிப் பாதியாகக் கேட்பது இங்கே வழக்கம். கறி மீ இன்னொன்று. வெளுத்த தேங்காய்ப்பால் சூப், தனியாக மிளகாய் விழுது, உப்பிய டோஃபு, கூடவே உறைந்த பன்றி இரத்தத் துண்டுகள். பார்க்கச் சாதுவாக இருப்பதால் கேட்காமல் வாங்கிவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் அதிகம். வேண்டாமென்றால் "தா மாவ் டாரா".

நாசி கண்டார் முற்றிலும் வேறு உலகம். தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த சாப்பாடு. கேம்பல் தெருவில் 1907 முதல் நடந்துவரும் ஹமீதியா இதில் மூத்த பெயர்களில் ஒன்று. பினாங்கு சாலைச் சந்தில் உள்ள லைன் கிளியருக்கும் தனிக் கூட்டம் உண்டு. வரிசை வேகமாக நகரும், பரிமாறுபவர் காத்திருக்க மாட்டார்; தட்டுகளுக்கு எதிரே வருமுன் என்ன வேண்டும் என்று தீர்மானித்துவிடுங்கள். பல கறிகளின் குழம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிச் சோற்றை மூழ்கடிப்பதுதான் இதன் இலக்கணம். அப்படி வேண்டுமென்றால் "பாஞ்சிர்" என்றால் போதும். முதல்முறை செல்பவர்களும் அப்படியே வாங்குவதே நல்லது. குழம்புகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் கேட்பவர்களும் உண்டு. அப்படிச் சாப்பிட்டால் ஒவ்வொன்றும் சுமார்தான், கலப்பில்தான் வித்தை இருக்கிறது.

விலைப்பலகை பெரும்பாலும் இருக்காது. தட்டைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். கோழி, முட்டை, வெண்டைக்காய், முட்டைக்கோஸ் வரை பயமில்லை. பெரிய இறால், முழுக் கணவாய், மீன் சினை, மீன் தலை ஆகியவை பில்லைப் பல மடங்காக்கும். கையை நீட்டுமுன் "பெராப்பா?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருவர் என்றால் ஒரு தட்டில் கறிகளோடு சோறு, இன்னொரு தட்டில் "நாசி கோசோங்", அதாவது வெறும் சோறும் குழம்பும், என்று வாங்கினால் கறிகளை நடுவில் வைத்துப் பகிரலாம். இரண்டு முழுத் தட்டு வாங்கினால் மிஞ்சும். காலையில் இதைச் சாப்பிட்டால் மதியம் வரை வேறு எதற்கும் இடமிருக்காது. பசியாறக் காப்பிக்கடை, மதியம் நாசி கண்டார், இரவு தெருவோரம் என்று பிரித்தால் மூன்றும் உண்டு.

பசம்போரிலும் இதே விலைச் சிக்கல். பொரித்த வடைகள், டோஃபு, உருளை, இறால் அடை, நண்டு, கணவாய் எல்லாம் குவித்திருப்பார்கள். நாமே எடுத்துக் கொடுத்தால் நறுக்கி, சர்க்கரைவள்ளிக்கிழங்கும் நிலக்கடலையும் சேர்த்த இனிப்புக் காரச் சாற்றை ஊற்றித் தருவார்கள். தட்டில் கடல் உணவு ஏற ஏற விலையும் ஏறும். வடை, டோஃபு, வெள்ளரியோடு நிறுத்தினாலே இதன் சுவை முழுதாகக் கிடைக்கிறது. நண்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அந்தச் சாற்றில் கரைந்துவிடுகிறது.

பனிக்கட்டி இனிப்பான செண்டோலுக்குப் பினாங்கு சாலையிலிருந்து பிரியும் கெங் குவீ சந்து. 1936 முதல் நடக்கும் தியோச்சூ செண்டோல் கடையின் முன் நின்றுகொண்டேதான் பலரும் சாப்பிடுவார்கள். துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பாண்டான் மணக்கும் பச்சை இழைகள், சிவப்புப் பயறு, குலா மெலாக்கா எனும் பனைவெல்லப் பாகு. பாகு அடியில் தங்கும், கீழிருந்து மேலாகக் கிளறுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்திருந்தால் பனி உருகித் தேங்காய்ப்பால் நீர்த்துவிடும். படம் எடுத்து முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்பது இதற்குப் பொருந்தாது. இருவருக்கு ஒரு கிண்ணமே போதும்.

காப்பி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "கோப்பி" என்றால் இனிப்பான கெட்டிப் பாலோடு வரும். "கோப்பி ஓ" கறுப்பு, சர்க்கரை உண்டு. "கோப்பி ஓ கோசோங்" சர்க்கரையில்லாக் கறுப்பு. "கோப்பி சி" சுண்டிய பாலோடு. பின்னால் "பெங்" சேர்த்தால் பனியோடு. கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பதால் நிறமும் கசப்பும் அடர்த்தியாக இருக்கும். ஜாதிக்காய்ச் சாறு இந்தத் தீவின் தனிப் பானம். மருந்து வாடை அடிப்பதாக ஒருவருக்குத் தோன்றினால் மற்றவர் முடித்துவிடலாம். அம்ப்ரா காயை அரைத்து உப்புப் பிளம் போட்டுத் தரும் புளிப்புச் சாறு வெயிலுக்கு இன்னும் பொருத்தம்.

எந்தத் தெரு என்ற கேள்விக்குப் பலரும் முதலில் சொல்வது கர்னி டிரைவ். கடலோரம், ஒரே இடத்தில் எல்லாம், தேடி அலைய வேண்டாம் என்பது அதன் பலம். சுற்றுலாக் கூட்டமும் அதற்கேற்ற விலையும் அதன் பலவீனம். ஒரே ஒரு மாலை மட்டுமே கையில் இருந்தால் சரி. இரண்டு மாலை இருந்தால் இரண்டையும் நியூ லேனுக்கும் சூலியா தெருவுக்கும் கொடுப்பதே மேல். நியூ லேனில் மாலை ஐந்து மணிக்குமேல் சாலையோரத்திலேயே வண்டிகளும் மேசைகளும் முளைக்கும். அரிசி மாவுக் கட்டியை வறுத்துத் தரும் சார் கோய் காக், சிப்பி ஆம்லெட், குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியான சாத்தே எல்லாம் கிடைக்கும். ஏழு முதல் எட்டரை வரை உட்கார இடம் கிடைப்பது அபூர்வம், பக்கத்திலேயே வாகனம் போகும், புகை உடையில் ஏறும். ஐந்தரைக்குப் போங்கள், அல்லது ஒன்பதுக்குப் பிறகு. தாமதித்தால் சில கடைகளில் சரக்கு தீர்ந்திருக்கும். வாத்து இறைச்சியோடு வரும் கோய் சாப் எனும் அகல அரிசி நூடுல்ஸ் சூப் வேண்டுமென்றால் கிம்பர்லி தெரு.

பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை பெரும்பாலான கடைகளில் அடுப்பு அணைந்திருக்கும். காலைக் கடைகள் மூடியிருக்கும், மாலைக் கடைகள் திறந்திருக்காது. வாராந்தர விடுமுறை கடைக்குக் கடை வேறு. சீனப் புத்தாண்டு வாரத்தில் போனால் பாதி ஊர் மூடிக்கிடக்கும். ரமலான் மாதத்தில் முஸ்லிம் கடைகள் பல பகலில் இயங்காது, ஆனால் மாலையில் ரமலான் சந்தைகள் அதை ஈடுகட்டும்.

ஊர் பார்ப்பதை இந்த அடுப்புக் கணக்கோடு இணைத்துவிட்டால் அலைச்சல் குறையும். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பழைய நகரப் பகுதியை நடந்தே பார்க்கலாம், காலை ஒன்பதுக்கு முன்னால். ஆர்மீனியன் தெருவில் 2012இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த, சுவரில் நிஜ மிதிவண்டி பதித்த சிறுவர் ஓவியத்துக்குப் பத்து மணிக்குமேல் வரிசையே நிற்கும். வெயில் ஏறுமுன் நடையை முடித்துப் பசியாறப் போய்விடுங்கள். கடைகளுக்கு முன்னால் நிழலாக ஓடும் நடைவழியில் மோட்டார் சைக்கிள்களும் சாமான்களும் மறிக்கும். அடிக்கடி சாலையில் இறங்கி ஏற வேண்டியிருப்பதால் கைகோத்து நடப்பதெல்லாம் படகுத்துறையான ஜெட்டிப் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று முதல் ஐந்து வரையான வெற்று நேரம் கூரையுள்ள இடங்களுக்கு. 1906இல் மீண்டும் கட்டி முடித்த கூ கோங்சி குலமாளிகையின் மரச்செதுக்கு, சர்ச் தெருவில் பெரானாக்கான் எனும் உள்ளூர் வழி வந்த சீனரின் மாளிகை இரண்டும் கட்டணத்துக்குத் தகுதியானவை. இரண்டில் ஒன்றுதான் என்றால் பெரானாக்கான் மாளிகை. பாத்திரம், நகை, சமையலறை என்று பார்க்க அதிகம். சியூ ஜெட்டிக்கு மாலை போங்கள். கடலுக்குள் தூண்களில் நிற்கும் அந்த மரவீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. திறந்த கதவுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம். பெச்சா எனும் மூன்று சக்கர வண்டியில் இருவர் முன்னால் உட்காரலாம், ஓட்டுபவர் பின்னால். கட்டணத்தை மணிக்கணக்கில் முன்கூட்டியே பேசிவிட்டு ஏறுங்கள்.

கெக் லோக் சி எனும் புத்தக் கோயிலும் பினாங்கு மலையும் ஒரே திசையில். ஜெட்டி அல்லது நகர நடுவிலுள்ள கொம்தார் கோபுரத்திலிருந்து 204ஆம் எண் பேருந்து இரண்டுக்கும் போகும். மலையை முதலில் வையுங்கள். 1923இல் அமைந்து 2011இல் புதிய பெட்டிகளோடு மீண்டும் ஓடத் தொடங்கிய இழுவை ரயிலுக்கு வார இறுதியில் நீண்ட வரிசை நிற்கும். சூரிய அஸ்தமனம் பார்க்கப் போகிறவர்கள் மறப்பது, எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள் என்பதை. மேலேறும் வரிசையைவிடக் கீழிறங்கும் வரிசைதான் இரவுச் சாப்பாட்டைக் கெடுக்கும். காலையில் போனால் மேலே கீழைவிடச் சில பாகை குளிர்ச்சி, பனிமூட்டம் இல்லாவிட்டால் பினாங்குப் பாலம் வரை தெரியும். பெட்டியின் கீழ்முனைச் சன்னலைப் பிடித்தால் ஏறும்போது காட்சி முழுதும் உங்களுக்கு. இறங்கியதும் கெக் லோக் சி. 1930இல் முடிந்த அதன் ஏழடுக்குக் கோபுரத்தின் அடி சீனப் பாணி, நடு தாய்லாந்து, உச்சி பர்மா. அடிவாரத்தில் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் லக்சா. லக்சாவை இந்த நாளுக்கென்றே ஒதுக்கி வைக்கலாம்.

படியேற மனமிருந்தால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். அதிகாலையில் ஏறி, பக்கத்திலுள்ள தாவரவியல் பூங்காவில் இளைப்பாறலாம். பூங்காவின் குரங்குகள் பையைப் பறிக்கும், கையில் தின்பண்டம் வேண்டாம்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது பெலாச்சான். காய்கறிப் பிரட்டலிலும் சம்பலிலும் அது ஒளிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் சொல்வது இறாலைச் சேர்த்து அல்ல. 素 என்ற எழுத்து போட்ட சீனச் சைவக் கடைகள் பாதுகாப்பானவை. பெரும்பாலும் பூண்டு வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள். லிட்டில் இந்தியாவில் சைவ உணவகங்கள் உண்டு. ஒருவர் சைவம், மற்றவர் அசைவம் என்றால் நியூ லேன் மாதிரி இடத்தில் ஒருவர் பட்டினியாகத்தான் உட்கார வேண்டியிருக்கும். சைவக் காப்பிக்கடையில் ஒருவருக்கு முடித்துக்கொண்டு, பிறகு தெருவோரம் போவது உத்தமம்.

தங்குவதற்குப் பழைய நகரத்துக்குள்ளேயே அறை எடுங்கள். இரவுக் கடைகளிலிருந்து நடந்தே திரும்பலாம். சூலியா தெருவும் லவ் லேனும் இரவெல்லாம் சத்தம், முன்ட்ரி தெரு அமைதி. வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். முன்பதிவுத் தளம் காட்டும் தொகையில் அது சேர்ந்திருக்காமல் போகலாம். மலேசியாவுக்குள் நுழையுமுன் மூன்று நாட்களுக்குள் மின்வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், ஆளுக்கொன்று. ஒருவர் நிரப்பினால் இருவருக்கும் ஆகாது. நகருக்குள் இலவச கேட் பேருந்து சுற்றுகிறது. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். தெருவோர மேசைகள் நனைந்தால் இரவுக் கடைகள் பாதி வராது, அந்த நாட்களில் கூரையுள்ள காப்பிக்கடை ஒன்றை முன்பே பார்த்து வையுங்கள்.

வாங்கிவர உகந்தது தாவ் சார் பியா எனும் பருப்புப் பூரணம் வைத்த சிறு பிஸ்கட்டுகளும் ஜாதிக்காய் ஊறலும். ஹே கோ விழுது வாங்கினால் கைப்பையில் வைக்காதீர்கள்; திரவக் கட்டுப்பாட்டில் பறிபோகும். இரண்டு நெகிழிப் பைகளில் இறுகக் கட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள். மூடி கசிந்தால் அந்த வாடை துணியைவிட்டு எளிதில் போகாது.